வெள்ளைச் சீருடைக்கு முன் நான்கு ஆண்டுகள்

நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகள் நேரே மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள். பயிற்சிக் காலமும் சேர ஐந்தரை ஆண்டுகளில் மருத்துவராகிறார்கள். அமெரிக்காவில் முறை வேறு. முதலில் நான்காண்டு இளங்கலை. பின்பு எம்கேட் என்னும் தேர்வு. அதன்பின் கல்லூரி கல்லூரியாக விண்ணப்பம், நேர்காணல். இடம் கிடைத்தால் மேலும் நான்காண்டு.

இரு படிப்புகளுக்கும் ஒருசேர அனுமதி தரும் திட்டங்களும் அங்குண்டு. கன்சாஸ் நகரிலுள்ள மிசௌரி பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி, 1971இல் தொடங்கிய நாள்முதல் ஆறே ஆண்டுகளில் இரு பட்டங்களையும் வழங்கும் வழியை வைத்திருக்கிறது. பிரவுன் பல்கலைக்கழகம் 1984இல் நிறுவிய திட்டமோ எட்டாண்டுகள் கொண்டது.

நியூஜெர்சியில் வாழும் என் லாத்தாவின் மகள் பிரவுனில் சேர்ந்தபோது மச்சானுக்கு மகிழ்ச்சியோடு மனக்குறையும் இருந்தது. "ஆறாண்டில் முடியக்கூடியதை எட்டாண்டாக்குவானேன்? கட்டணத்தை யார் கட்டுவது?" என்று தொலைபேசியில் கேட்டார். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தகப்பனின் கேள்வி அது. அதை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆயினும் அந்த எட்டாண்டில் மறைந்திருக்கும் சலுகையை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கு எம்கேட் கட்டாயமில்லை. மருத்துவத்திற்குரிய அறிவியல் அடிப்படைகளை நிறைவு செய்தால் போதும். முதன்மைப் பாடமாக எதையும் எடுக்கலாம். 1969 முதலே அப்பல்கலைக்கழகத்தில் அனைவருக்கும் பொதுவான கட்டாயப் பாடத்தொகுப்பு கிடையாது. மற்ற மாணவர்கள் மதிப்பெண்ணுக்கு அஞ்சித் தவிர்க்கும் பாடங்களை இவர்கள் துணிந்து பயிலலாம்.

என் மருமகள் வரலாற்றை எடுத்தாள். கொள்ளைநோய்க் காலங்களில் ஏழை மக்கள் மருத்துவரைக் கண்டு ஏன் அஞ்சினர் என்று ஆராய்ந்தாள். ஸ்பானிய மொழி கற்றாள். கோடை விடுமுறையில் முதியோர் இல்லமொன்றில் தொண்டு செய்தாள். "மாமா, அங்கே ஊசியைவிட உட்கார்ந்து கேட்பவரைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்" என்று எனக்கு எழுதினாள்.

மச்சான் இன்றும் கடன் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், அதில் நியாயமுண்டு. ஆனால் பதினேழு வயதில் எடுத்த முடிவு தனக்கு உகந்ததுதானா என்று சோதித்துப் பார்க்க அவளுக்கு அவகாசம் கிடைத்திருக்கிறது. பிள்ளைகளை மருத்துவராக்கத் துடிக்கும் பெற்றோரே, எத்தனை ஆண்டு என்று கேட்கும்போதே, அந்த ஆண்டுகளில் பிள்ளை என்னவாக வளரும் என்பதையும் கேளுங்கள்.