அறுபது நொடிக்குள் அடங்காத ஒப்பாரி

எங்க அம்மாச்சி ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சா முதல் ரெண்டு மூணு நிமிசம் வெறும் இழுவைதான். சொல்லு வராது. தொண்டை பதமாகணும், கூட அழுகிற பொம்பளைங்க வந்து கழுத்தக் கட்டிக்கிடணும், அப்புறந்தான் ஆளு பேரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்கும். விண்டோஸ் 95-ல் இருந்த சவுண்ட் ரெக்கார்டரோ அறுபது நொடியானால் நின்றுவிடும். மறுபடி அமுக்கினால் இன்னொரு அறுபது நொடி. இந்தச் சாமானைச் செய்தவர்கள் யாரும் எழவு வீட்டுப் பக்கம் போனதில்லை போல என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

1957 செப்டம்பர் 11-ஆம் தேதி பரமக்குடியில் இம்மானுவேல் சேகரனைக் கொன்றார்கள். அதைத் தொடர்ந்து முதுகுளத்தூர் வட்டாரமே பற்றி எரிந்தது. அப்போ எங்க ஊரும் ராமநாதபுரம் மாவட்டந்தான். விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல். அம்மாச்சி முதுகுளத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப் போயிருந்த நேரம். வீட்டப் போட்டுட்டு, கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு, ராத்திரி ராத்திரியா கம்மாக்கரை வழியா நடந்து திருச்சுழிப் பக்கம் வந்து சேர்ந்தது. அதைப் பேச்சாகக் கேட்டால் சொல்லாது. "அத எதுக்குய்யா இப்ப கெளறுற" என்று வெத்தலையை மடிக்கப் போய்விடும். ஒப்பாரியில்தான் வரும். யாரோ செத்த வீட்டில், யாருக்கோ அழுகிற சாக்கில், அந்த நாட்களில் போனவங்க பேரையெல்லாம் வரிசையாக் கூப்பிடும். நான் படித்த எந்த அறிக்கையிலும் இல்லாத பேருகள். 1998-ல் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தபோது அறுபது நிமிசக் கேசட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பதிந்து வைத்தேன்.

அருப்புக்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்கோக்கிற டி.டி.பி. கடையில் அப்போ வேலை. பெண்டியம் கம்ப்யூட்டர், 16 எம்.பி. நினைவகம், 1.2 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். முதலாளி எங்கேயோ மலிவா வாங்கிய பழைய சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டு ஒன்று மேசை டிராயரில் கிடந்தது. 2001-ல் ஒரு ஞாயித்துக்கிழமை, கேட்டு வாங்கி நானே மாட்டினேன். மாட்டுவது லேசு. டிரைவரை ஏற்றுவதுதான் பாடு. ஒவ்வொரு கார்டும் கம்ப்யூட்டரின் மூளையைக் கூப்பிட ஒரு எண் வேண்டும், ஐ.ஆர்.க்யூ. என்பார்கள். இந்தக் கார்டு வழக்கமாகக் கேட்பது 5. அந்த எண்ணில் ஏற்கெனவே மோடம் உட்கார்ந்திருந்தது. 7-க்கு மாற்றினால் பிரிண்டரோடு சண்டை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. கடைசியில் 10-ல் இடம் கிடைத்தது. டீக்கடையில் எங்காளுக்குத் தனி கிளாஸ் தேடின மாதிரி இருக்குடா என்று கூட்டாளி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து வயரை முதலில் மைக் துளையில் செருகிவிட்டேன். குரல் கிழிந்து போய் வந்தது. மைக் துளை மெல்லிய சத்தத்துக்கானது, அங்கே இவ்வளவு பலமான சத்தம் தாங்காது. லைன் இன் துளையில் செருகி, வால்யூம் ஜன்னலில் அதையே தேர்ந்தெடுத்த பிறகுதான் குரல் குரலாக வந்தது. டேப்பின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பக்கத்துத் திருகாணியைக் கால் சுத்துத் திருப்பினால் அமுங்கிக் கிடந்த குரல் தெளியும். பக்கத்துத் தெரு விசைத்தறி நின்றால்தான் கரண்டு சீராக வரும். அதற்காகவே ஞாயிறு. அப்படி ஒரே ஒரு நிமிசம், உயர்ந்த தரத்தில், சோதனைக்காகப் பதிந்தேன். அந்த ஒரு நிமிசம் 5 எம்.பி.க்கு மேல் தின்றது.

முப்பது நிமிசத்துக்கு 150 எம்.பி. ஆகும். முதலாளி டிஸ்க்கில் எனக்கு அவ்வளவு இடம் யார் தருவார்கள்? அதனால்தான் சுருக்குகிற டிரைவரைத் தேடினேன். அது விண்டோஸ் சி.டி.யிலேயே இருந்தது. கண்ட்ரோல் பேனல், அதற்குள் ஆட் ரிமூவ், அதற்குள் விண்டோஸ் செட்டப், அதற்குள் மல்டிமீடியா, கடைசியில் ஆடியோ கம்ப்ரெஷன். பல வாசல் தாண்டிப் போனால் ட்ரூஸ்பீச் என்று ஒன்று. டி.எஸ்.பி. குரூப் என்ற கம்பெனி செய்தது. ஒரு நிமிசப் பேச்சை 64 கிலோபைட்டில் அடக்கிவிடும். சி.டி. தரத்தில் எட்டு நொடிதான் கொள்ளுகிற 1.44 எம்.பி. ஃப்ளாப்பியில், இதில் 22 நிமிசம் கொள்ளும். வெறும் மௌனத்தை ஒரு நிமிசம் பதிந்து, அதே ஃபைலை அதற்குள்ளேயே திரும்பத் திரும்பச் செருகி முப்பது நிமிச மௌனமாக்கி, அதன்மேல் பதிந்தால் அறுபது நொடிக் கெடு இல்லை. அந்தத் தந்திரத்தில் முழு ஒப்பாரியையும் ஏற்றினேன். ட்ரூஸ்பீச்சுக்கு வினாடிக்கு 8000 மாதிரிகளில் பதியணும். பதிந்தேன். சுருக்கினேன். ரெண்டு ஃப்ளாப்பியில் அடங்கியது. பெருமைதான்.

அடுத்த வருசம் அந்தக் கேசட்டில் என் மாமா மகன் சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. கேசட்டின் மேல் நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

ட்ரூஸ்பீச், ஜி.எஸ்.எம். 6.10 மாதிரிச் சுருக்குகிற கணக்குகள் சத்தத்தை அப்படியே சேமிப்பதில்லை. பேசுகிற தொண்டை எப்படி அசைந்திருக்கும் என்று கணித்து, அந்தக் கணிப்பை மட்டும் எழுதி வைக்கும். டெலிபோனுக்காகச் செய்தது. ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு தொண்டை. அம்மாச்சி தனியாகப் பாடுகிற இடம் ஓரளவு தேறிவிட்டது. நாலு பேர் கட்டிக்கிட்டு ஒரே நேரத்தில் அழுகிற இடத்தில் கணக்குக்குப் புத்தி தடுமாறி, எல்லாக் குரலும் பானைத் தண்ணிக்குள் கேட்கிற மாதிரி குழைந்து போனது. இன்னொன்று, 8000 மாதிரி என்றால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்படும். சகரத்தின் சீறல் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பதினோராவது நிமிசத்தில் அம்மாச்சி ஒரு பேரைக் கூப்பிடுது. முதல் எழுத்து சகரமா தகரமா, இன்றுவரை தெரியவில்லை.

பெரியப்பா அடித்த தப்பையும் இதே டிரைவரில் சுருக்கிப் பார்த்தேன். தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுக்கின சத்தம். பெரியப்பாகிட்டப் போட்டுக் காட்டினேன். "இது எவன் அடிச்சது?" என்று கேட்டார். அந்த நாளில் எங்க தெருப் பயலுக எழவுக்குக் கொட்டடிக்க மாட்டோம் என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். நியாயம். அடிமை வேலையாகச் சுமத்தியதை விட்டெறிந்தார்கள். மதுரையில் தலித் ஆதார மையம் மாதிரி இடங்களில் அதே தோல் மேடையேறி விடுதலைக் கருவியானதும் நியாயம். ரெண்டுக்கும் நடுவில் தப்பை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கு எந்த நியாயத்தைச் சொல்ல? சுருக்காமல், 22 கிலோஹெர்ட்ஸில், சாவுக்கு ஒன்று சாமிக்கு ஒன்று என்று சில அடிகளை நிமிச நிமிசமாகப் பதிந்து வைத்தேன்.

எம்.பி.3 வந்தபோது நிலைமை கொஞ்சம் மேல். ஆனால் அதற்கும் ஒரு நோய் உண்டு. நிறையச் சுருக்கினால் அடி விழுவதற்கு முன்னாலேயே ஒரு புகைச் சத்தம் கேட்கும். அதைச் செய்த ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் இந்த நோயைப் பிடிக்க ஸ்பானியர்கள் கையில் தட்டுகிற காஸ்டனெட் கட்டைச் சத்தத்தை வைத்துப் பரிசோதித்தார்கள். சூசன் வேகா துணைவாத்தியமில்லாமல் பாடிய ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கணக்கைத் திருத்தினார் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க். அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவரவர் வீட்டுச் சத்தத்தை அவரவர் காப்பாத்துகிறார்கள். எங்க வீட்டுச் சத்தத்தை வைத்து எந்தக் கணக்கையும் யாரும் திருத்தவில்லை, அவ்வளவுதான்.

கடை மூடினபோது அந்தக் கம்ப்யூட்டரைப் பழைய இரும்பு விலைக்கு நானே எடுத்துக்கொண்டேன். ஃப்ளாப்பி ரெண்டிலும் பூஞ்சை பூத்துவிட்டது. போன கோடையில் பெட்டியைத் திறந்து தூசி தட்டி, செத்துப்போன வட்ட பேட்டரியை மாற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டேன். டிஸ்க் கரகரவென்று முனகிவிட்டுச் சுற்றியது. உள்ளே பெரியப்பாவின் அடிகள் பத்திரமாக இருந்தன. அம்மாச்சியின் ஒப்பாரி, சுருக்கியது மட்டும். இன்றைய விண்டோஸ் அதைத் திறக்கத் தெரியாமல் முழித்தது. எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளுக்கு அந்தப் பழைய கணக்குத் தெரியும். அதில் பிரித்து எடுத்தேன். சோதனைக்குப் பதிந்த அந்த ஒரு நிமிசமும் கிடைத்தது. அதில் அம்மாச்சி செருமுது, ஒரு சேவல் கூவுது, வளையல் உரசுது, எல்லாம் அவ்வளவு துல்லியம். சொல்லு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலேயே அறுபது நொடி முடிந்துவிடுகிறது.

அம்மாச்சி போய்ப் பதினஞ்சு வருசமாச்சு. பதினோராவது நிமிசத்தைச் செல்போனில் ஏற்றிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனேன். காதோடு வைத்து நாலு தரம் கேட்டுவிட்டு, "இது அம்மாவோட அண்ணன் பேருடா" என்று ஒரு பேரைச் சொன்னது. அதே தெருவில் இருக்கிற, அம்மாச்சி சோட்டுக் கிழவி ஒன்று இன்னும் உசுரோடு இருக்கு. அது கேட்டுவிட்டுத் தலையை ஆட்டியது. "அண்ணன் இல்லய்யா, அது பொம்பளப்புள்ள பேரு." வேறொரு பேர். சின்னம்மா மறுத்துப் பேசியது. கிழவி, "வழியில செத்த புள்ளய உனக்கெப்படித் தெரியும்? நீ அப்பப் பெறக்கவே இல்ல" என்றது.

ரெண்டு பேரையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.