எட்டுக்கு நாற்பத்து மூன்று

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாசனைக்கு அடுத்தது டீசல் வாசனைதான். விடியுமுன்பே தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகள் பொழுது சாய இறங்கி வரும். அவற்றில் ஒன்றிரண்டு வீட்டுக்குப் போகாமல் நேரே பட்டறைக்குத் திரும்பும். அப்படியொரு தகரக்கொட்டகைப் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். மேஸ்திரிக்கு அறுபதை நெருங்கும் வயது. பழைய மகிந்திரா ஜீப்பைத் தவிர வேறு வண்டியைத் தொடமாட்டார். பேச்சு குறைவு, சத்தத்தைக் கேட்பதில்தான் கவனமெல்லாம்.

மகிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. இன்ஜின் மாறியது, பாடி நீண்டது, பெயர்கள் மாறின. ஆனால் கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும், இரண்டாம் உலகப்போர் ஜீப்பில் இருந்த ஸ்பைசர் 18இன் வழியிலேயே வெகுகாலம் வந்தது. இன்ஜினின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. லோ கியரில் சுழற்சி ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும், இழுவை அந்த அளவுக்கு ஏறும். ஆனால் முன் அச்சைச் சேர்க்காமல் லோ விழாது. அவ்வளவு இழுவையும் பின் அச்சு ஒன்றின்மேலேயே இறங்கினால் அது தாங்காது என்று அன்றைக்கே போட்ட பூட்டு அது.

அன்று வந்தது சூரியநெல்லியிலிருந்து ஒரு மகிந்திரா கமாண்டர் ஜீப். கொழுக்குமலைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் வண்டி. மலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஜீப் ஏறும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. ஏறத்தாழ 7,900 அடி உயரத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு, பாதை என்று சொல்லக் கூசும் கல்லும் குழியுமாகப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஃபோர் வீல் இல்லாமல் அங்கே பிழைப்பில்லை. வண்டியை ஓட்டிவந்த பையன்தான் பேச்சைத் தொடங்கினான்.

“அண்ணே, ஃபோர் வீல் போட்டா திரும்ப எடுக்கவே வரமாட்டேங்குது. டிரான்ஸ்ஃபர் போயிருச்சுண்ணே. கழட்டிருவமா?”

“இருடா தம்பி. கழட்டுறது எங்க ஓடிப் போகுது?”

முதலில் வண்டியை ஊருக்கு வெளியே கொட்டகுடி ஆற்று மணலுக்கு ஓட்டிப்போகச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். தார் ரோட்டில் இரண்டு கையாலும் இழுத்தும் அசையாத ஃபோர் வீல் லீவர், மணலில் வண்டி கொஞ்சம் உருண்டதும் ஒரு விரலுக்கே வந்துவிட்டது. அதோடு டிரான்ஸ்ஃபர் மேலிருந்த பழி பாதி கழன்றது. உள்ளே பல்லை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருந்தால் மணலானாலும் தாரானாலும் ஒரே மாதிரிதான் மாட்டிக்கொள்ளும். மணலில் விடுகிறதென்றால் லீவரைப் பிடித்து வைத்திருப்பது முறுக்கம்.

இந்த வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை ஏற்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டால் இரண்டு ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வளைவிலோ முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அகலமாகச் சுற்றி வருகின்றன. சேறும் மணலும் சக்கரத்தைக் கொஞ்சம் வழுக்கவிட்டு அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். தார் விடாது. ஈரத் துணியை இரு முனையிலும் பிடித்துத் திருகுகிற மாதிரி ஷாஃப்ட், கிராஸ், பல் எல்லாவற்றிலும் முறுக்கு ஏறும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் இறங்கும். டிரைவர்களில் பாதிப் பேர் தார் ரோட்டிலும் லீவரைப் போட்டே ஓட்டி இந்தக் கோளாறைத் தாங்களே வரவழைக்கிறார்கள் என்பது மேஸ்திரியின் நிரந்தரப் புகார்.

ஆனால் இந்தப் பையன் சத்தியம் செய்தான்: மண் பாதையிலேயே மாட்டுகிறதாம். மேஸ்திரி டேப்பை எடுத்து நான்கு டயரின் சுற்றளவையும் அளந்தார். புது டயரை முன்னாலும் தேய்ந்ததைப் பின்னாலும் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஆரத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலே ஒரு சுற்றுக்கு ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகிறது. ஒரு கிலோமீட்டரில் அது 25 மீட்டரைத் தாண்டிவிடும். இங்கே நான்கும் ஒன்றாகவே இருந்தன.

பிறகு செய்ததற்கு ஒரு ஜாக்கியும் சுண்ணாம்புக்கட்டியும் போதுமாயிருந்தது. டூ வீலில் வைத்து, கியரை நியூட்ரலாக்கி, பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினார். சக்கரத்தில் ஒரு கோடு, ஷாஃப்டில் ஒரு கோடு. அவர் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற, பட்டறைப் பையன் அடியில் படுத்து ஷாஃப்டை எண்ணினான். எதிர்ச் சக்கரம் தரையில் நிற்கும்போது தூக்கிய சக்கரம் இரட்டிப்பாகச் சுற்றும், அதனால்தான் இரண்டு.

“அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மிண்ணே.”

முன்னாலும் அதே சோதனை. ஐந்தேகாலைத் தாண்டி ஐந்தரைக்குள் நின்றது.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். “முன்னாடி எட்டு நாப்பத்திமூணு, பின்னாடி எட்டு முப்பத்தொம்பது. யாருகிட்டடா வாங்குன?”

ஷாஃப்ட் முனையிலுள்ள சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு 8 பல், அது சுழற்றும் பெரிய கிரவுனுக்கு 43 என்றால் விகிதம் 5.38, 39 என்றால் 4.88. யாரோ முன்னால் வைத்திருந்தவர், தார் ரோட்டில் ஆள் ஏற்ற வேகம் வேண்டுமென்று பின் அச்சில் மட்டும் கிரவுன் பினியனை மாற்றியிருக்கிறார். டூ வீலில் ஓடும்வரை ஒரு குறையும் தெரியாது. லீவரைப் போட்டதும், பின்சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுகிற நேரத்தில் முன்சக்கரம் 900 மீட்டரைச் சற்றே தாண்டும். மிச்சத்துக்கு டயர் தேய்ந்தாக வேண்டும், அல்லது ஏதாவது உடைந்தாக வேண்டும். டிரான்ஸ்ஃபர் பெட்டியைப் பிரித்திருந்தால் நல்ல பேரிங்குகளை மாற்றிக் காசு வாங்கியிருக்கலாம். வண்டி மறுபடியும் மாட்டியிருக்கும். புது வண்டிகளிலும் இதே கதைதான். சிலவற்றில் வெற்றிடக் குழாய் இழுத்துத்தான் முன் ஹப் பூட்டிக்கொள்ளும். அந்த ரப்பர் குழாய் வெடித்ததற்கு டிரான்ஸ்ஃபரைக் கழற்றியவர்களை மேஸ்திரிக்குத் தெரியும்.

அடுத்த வாக்குவாதம் எதை மாற்றுவது என்பதில். ஓட்டிவந்த பையனுக்கு வேகமும் வேண்டும். “முன்னாடியும் முப்பத்தொம்பது போட்டுருங்கண்ணே.”

“கொழுக்குமலையில எங்கடா பறக்கப் போற? இறங்கும்போது லோவுல இன்ஜின் பிடிச்சு நிறுத்தணும். நாப்பத்திமூணே இருக்கட்டும்.”

பையன் தலையைச் சொறிந்துகொண்டு, பின் அச்சுக்கு எவ்வளவு ஆகும் என்றான். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வர வேண்டும், தனித்தனியாக எடுத்து வராதே என்று மேஸ்திரி இரண்டு முறை சொல்லி, ஒரு பழைய இரும்புக் கடையின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அங்கே நல்ல ஜோடி கிடைத்தாலும் ஷிம் வைத்து, பல்லில் சாயம் தடவி எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பூட்ட ஒரு முழுநாள் ஆகுமாம். அதுவரை டூ வீலில் தோட்டத்து ஆள் ஏற்றிப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார். சாவியை வாங்கும்போது, மேஸ்திரி முன்பணம் கேட்பாரோ என்று பையன் தயங்கி நின்றான். அவர் அதற்குள் அடுத்த ஜீப்பின் அடியில் போய்விட்டார்.