தாளில் முதலில் ஒரு கட்டம்

காலை மாத்திரை கொடுத்து முடித்ததிலிருந்து சாப்பாட்டு மணி அடிக்கும்வரைதான் அவருக்கு நேரம். மதியத்துக்கு மேல் மருந்தின் அசதியில் பெண்கள் வார்டு மொத்தமும் படுத்துவிடும். தென்மாவட்டம் ஒன்றின் மனநல மருத்துவமனையில் அவர் கலைவழிச் சிகிச்சையாளர். வார்டில் எல்லாருக்கும் ‘டிராயிங் மிஸ்’.

நான் போனபோது பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ஷார்ப்னருக்குள் பிளேடு இருப்பதால் அதை உள்ளே கொண்டுபோவதில்லை. அத்தனை பென்சில்களையும் வெளியிலேயே சீவிவிடுகிறார். முனை மழுங்கிய கத்தரிக்கோல்களை எண்ணி நோட்டில் எழுதி, ஆயாம்மாவிடம் கையெழுத்து வாங்குகிறார். முடிந்ததும் திரும்ப எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் கதவு திறக்காது. கண்ணாடிக் கிண்ணமோ நீளமான நூலோ அந்த அறையில் இல்லை. பிரஷ்களின் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கியிருந்தார்.

“ஹாலோபெரிடால், லித்தியம் சாப்பிடுறவங்க சிலருக்குக் கை நடுங்கும் சார். காம்பு மெல்லிசா இருந்தா பிடி நிக்காது. கோடு கோணினதும் ‘எனக்கு வராது மிஸ்’னு எந்திரிச்சுப் போயிருவாங்க.”

தாளை அப்படியே நீட்டுவதில்லை அவர். ஓரங்களை ஒட்டி ஒரு கட்டம் போட்டுத்தான் கொடுக்கிறார். மனம் சிதறிக் கிடக்கிறவருக்கு வெறும் தாள் எல்லையில்லாத இடமாகத் தெரிந்து பயமுறுத்துமாம். கட்டம் இருந்தால் உள்ளே இறங்கத் தைரியம் வருகிறது. சிலருக்குக் கட்டமும் போதாது. அவர்களுக்குப் புள்ளி வைத்துக் கொடுக்கிறார். வீட்டு வாசலில் கோலம் போட்டுப் பழகிய கைகள், வேறெதற்கும் அசையாதவை, புள்ளியைக் கண்டதும் அசைகின்றன.

ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, கிரேயான் பெட்டியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பொறுமை தாளாமல் ஆயாம்மா, “மஞ்சள எடுத்து அடிம்மா” என்று கையில் திணிக்கப் போனார். “விடுங்கக்கா, அவங்களே எடுக்கட்டும்” என்றார் மிஸ். வெகுநேரம் கழித்து அந்த அம்மா பச்சையை எடுத்தார். ஒரே ஒரு கோடு. அன்றைக்கு அவ்வளவுதான். அதையும் தேதியிட்டு அவர் பெயர் எழுதிய ஃபைலில் சேர்த்தார் மிஸ். கேஸ் ஷீட்டில் அவர் எழுதியது: “தானாக நிறம் தேர்ந்தார்.”

அந்த வரியின் எடை எனக்கு மெல்லத்தான் உறைத்தது. எப்போது எழுவது, எப்போது குளிப்பது, என்ன சாப்பிடுவது, எந்த மாத்திரை என்று வார்டில் எல்லாவற்றையும் பிறர்தான் முடிவு செய்கிறார்கள். ‘எனக்கு இது வேண்டும்’ என்று ஒருவர் கை நீட்டுவதற்கு அங்கே வேறு இடமே இல்லை. படம் நன்றாக வருகிறதா என்பதல்ல மிஸ்ஸின் கவலை. அந்தக் கை நீளும்வரை அவசரப்படுத்தாமல் பக்கத்தில் இருப்பதே அவருடைய தொழில். சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் தெரியும். உண்மையில் கடுமையான உழைப்பு.

இந்த வழி புதிதல்ல. பிரேசிலில் நீஸி ட சில்வெய்ரா என்ற மனநல மருத்துவர், மின்னதிர்ச்சி கொடுக்க மறுத்ததால் யாரும் மதிக்காத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். 1946-இல் ரியோ நகர மருத்துவமனையில் அவர் தொடங்கிய ஓவியக்கூடம் 1952-இல் ஓர் அருங்காட்சியகமாக வளர்ந்தது. அதே 1946-இல் இங்கிலாந்தின் நெதர்ன் மருத்துவமனையில் எட்வர்ட் ஆடம்சன் என்ற ஓவியர் வேலைக்குச் சேர்ந்தார். நோயாளியின் படத்துக்கு அர்த்தம் சொல்வதைத் தவிர்த்தவர் அவர். மிஸ்ஸும் அப்படித்தான். கறுப்பு அடித்தால் துக்கம் என்று யாராவது சொன்னால், “கறுப்பு கைக்குப் பக்கத்துல இருந்திருக்கும்” என்கிறார்.

இந்தச் சிகிச்சை பலன் தருகிறதா? பிரிட்டனில் மனச்சிதைவு நோயாளிகள் 417 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு குழு ஓவியச் சிகிச்சையும் சேர்த்ததால் கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை என்றது அது. பலர் வகுப்புக்கே சரிவர வரவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. மிஸ்ஸிடம் கேட்டேன். மறுக்கவில்லை. “வராதவங்கதான் சார் எனக்கு முக்கியம். வாரத்துல ஒரு நாள் ரூமுக்கு வான்னா யார் வருவா? நான் கட்டிலுக்கே போறேன்.” இந்தப் பதில் ஆய்வைப் பொய்யாக்கிவிடாது. ஆனால், காதில் கேட்கும் குரல்களையும் சந்தேகங்களையும் அடக்குகிற அளவுக்கு, ஒடுங்கிப்போன நிலையை மருந்துகள் மாற்றுவதில்லை. அந்த இடத்தில் யாராவது உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் உட்கார ஆள் வேண்டுமே. மிஸ் ஓவியம் படித்து, பிறகு உளவியலில் முதுகலை முடித்தவர். ஒப்பந்த வேலை, சம்பளம் தொழில்வழிச் சிகிச்சைக் கணக்கில் வருகிறது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநலப் பணியாளர் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடனச் சிகிச்சையாளர்களும் ஏறியிருக்கிறார்கள். சட்டத்தில் பெயர் ஏறினால் போதாது. மருத்துவமனையில் பணியிடம் வேண்டும். சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் நோயாளிகள் ரொட்டி சுடுகிறார்கள்; அருமையான காரியம், கண்ணுக்குத் தெரிகிற பலனும் உண்டு. பச்சைக் கோடு ஒன்றை எந்தக் கணக்கில் காட்டுவது? அதற்கும் கணக்கு இருக்கிறது என்று மேலிடத்தில் ஒருவராவது வாதாட வேண்டும்.

கிளம்பும் முன் அலமாரியைக் காட்டினார். டிஸ்சார்ஜ் ஆனவர்களின் ஃபைல்கள். படங்கள் அவரவருக்கே சொந்தம் என்பது அவருடைய கொள்கை. வீட்டார் பலர் வாங்க மறுக்கிறார்கள். ஆஸ்பத்திரி ஞாபகம் வீட்டுக்குள் வேண்டாம் என்று நினைக்கிறார்கள். வாங்கிப்போகாதவற்றை அவர் தூக்கிப்போடுவதில்லை. மர அலமாரியில் கரையான் ஏறத் தொடங்கியிருப்பதால், ஸ்டீல் பீரோ கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அனுமதி இன்னும் வரவில்லை.