ஓரங்கள்

செம்மண் தரையைப் படம் பிடித்து, 512-க்கு 512 என்று சதுரமாக வெட்டி, வரிசையாக அடுக்கினால் தரை வராது. கட்டம் வரும்.

ஆஃப்செட். படத்தைப் பாதி அகலம், பாதி உயரம் நகர்த்து. 256, 256. வலப்பக்கம் வெளியே போனது இடப்பக்கம் உள்ளே வரும். நான்கு மூலைகளும் நடுவில் வந்து கூடும். விளிம்பில் ஒளிந்திருந்த ஒட்டு இப்போது கூட்டல் குறியாக நடுவே நிற்கிறது. இனி கைக்கு எட்டும்.

குளோன் ஸ்டாம்ப் எடுத்து அதை அழிக்கும்போது புதிய ஓரங்களைத் தொடக் கூடாது. அவை சற்றுமுன் படத்தின் நடுவில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களாக இருந்தவை. தாமாகவே பொருந்தும்.

வெடிப்பு ஒன்று. வலது ஓரத்தில் 140-ஆவது வரியில் வெளியேறுகிறது. இடது ஓரத்திலும் 140-இல்தான் நுழைய வேண்டும். அது மட்டும் போதாது, சாய்வும் சேர வேண்டும். இடம் சரியாக இருந்து சாய்வு மாறினால் அங்கே ஒரு முழங்கை. கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

சாயங்கால வெயிலில் எடுத்த படம். இடது ஓரம் கொஞ்சம் வெளிர், வலது ஓரம் கொஞ்சம் கறுப்பு. ஒற்றைப் படத்தில் யாருக்கும் தெரியாது. அடுக்கினால் ஜமக்காளம் மாதிரி பட்டை பட்டையாக.

மேகமூட்டமான பகல் நல்லது. கேமரா நேர் கீழே பார்க்க வேண்டும்.

எல்லாம் சரிசெய்து ஜேபெக்காகச் சேமித்தால் மெல்லிய கோடு திரும்பவும். ஜேபெக் 8-க்கு 8 பிக்சல் துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனியே சுருக்குகிறது. இடது ஓரத் துண்டுக்கு, தன்னை வலது ஓரத்தோடு ஒட்டப்போகிறார்கள் என்பது தெரியாது. பிஎன்ஜியில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிச் சராசரி எடுப்பது எல்லோரும் முதலில் செய்வது. கோடு போய்விடும். பதிலுக்கு, அந்தப் பட்டையில் மட்டும் மணல் மழுங்கிப்போகும். இரண்டு கூழாங்கற்கள், இரண்டும் பாதி உயிரோடு. கோட்டைவிட இது மோசம்.

1983. பர்ட், அடெல்சன் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பாதி ஆப்பிள், பாதி ஆரஞ்சு, ஒரே பழம். ஒளி, நிறம் போன்ற பரந்த மாற்றங்களை அகலமாகக் கலக்கிறார்கள். தோலின் புள்ளிகளைக் குறுகலாக. எவ்வளவு பெரிய விவரமோ அவ்வளவு அகலமான கலப்பு. பழத்தில் எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை.

2001. எஃப்ராஸ், ஃப்ரீமன். அவர்கள் பெரும்பாலும் கலப்பதே இல்லை, வெட்டுகிறார்கள். இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில், வித்தியாசம் மிகக் குறைவான பிக்சல்கள் வழியாகவே கத்தி போகும். வளைந்து வளைந்து போகும்.

நேர்கோட்டு வெட்டு தெரிகிறது. கோணல் வெட்டு தெரிவதில்லை.

ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சு. அச்சின் அறைகளில் நிறச் சிமெண்ட் குழம்பு. பிறகு அச்சைத் தூக்கிவிடுகிறார்கள். நிறங்கள் சந்திக்கும் இடத்தில் சின்ன நெளிவு. எனக்குப் பிடித்தது அந்த நெளிவுதான்.

ஒரு மூலையில் மட்டும் கால் பூ இருக்கும் கல் உண்டு. நான்கை நான்கு திசைக்குத் திருப்பி வைத்தால்தான் பூ முழுசாகும். ஒட்டு பூவின் நடுவிலேயே ஓடுகிறது. மறைக்க யாரும் முயலவில்லை. கண் அதைப் பூவின் கோடாகவே எடுத்துக்கொள்கிறது.

செம்மண் படத்துக்குத் திரும்ப. ஓரம் சுத்தம். இப்போது தெரிவது இலை. ஒரே ஒரு காய்ந்த வேப்பிலை, அழகாகச் சுருண்டது. நாற்பது தடவை அடுக்கினால் நாற்பது இலை, எல்லாம் ஒரே சுருளில், அணிவகுத்து.

இலையை எடுத்துவிட்டேன். அடுத்து ஒரு வெள்ளைக் கல் தெரிந்தது.

கல்லையும் எடுத்தேன். ஈரமான ஒரு திட்டு.

எதுவரை எடுப்பது? எல்லாவற்றையும் எடுத்த படம் தரை மாதிரி இல்லை, பழுப்பு உப்புத்தாள் மாதிரி இருக்கிறது. ஈரத் திட்டைத் திரும்ப வைத்தேன்.

தள்ளி நின்று பார்க்கும்போதுதான் திரும்பத் திரும்ப வருவது தெரிகிறது. கிட்டே இருப்பவருக்கு ஒட்டுதான் தெரியும்.

வில்லியம் மோரிஸ். 1862-இல் முதல் சுவர்த்தாள் வடிவம், ட்ரெல்லிஸ். ரோஜாக் கொடி அவருடையது, பறவைகளை வரைந்தவர் பிலிப் வெப். சுவர்த்தாள்காரர்களிடம் ஒரு வழக்கம்: அடுத்த பத்தியை அரை அளவு கீழே இறக்கி ஒட்டுவது. பூக்கள் கிடைவரிசையில் நிற்காமல் சாய்வரிசையில் போகும். கண் ஒரு பூவிலிருந்து அதே பூவுக்குப் போகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது.

செங்கல் வைக்கும் கொத்தனாரும் ஒட்டுக்கு மேல் ஒட்டு வர விடமாட்டார். அவர் காரணம் வேறு, பலம்.

கட்டம் போட்ட சட்டை. பையின் கட்டம் மார்பின் கட்டத்தோடு சேர வேண்டுமென்றால் தையற்காரர் துணி கூடுதலாகக் கேட்பார். பை தைத்திருப்பதே தெரியாது. தோள் மூட்டில் அவரும் விட்டுவிடுகிறார், அங்கே துணி சாய்வாக வெட்டுப்படுகிறது.

சுருதிப் பதிவைச் சுற்றவிட்டால் சேருமிடத்தில் ஒரு 'டிக்'. அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்ட வேண்டும். ஏறும்போது வெட்டினால் அந்தப் பக்கமும் ஏறும்போதே. மறுபடியும் சாய்வு.

யார்க்‌ஷயரில் டேவிட் ஸ்மித், ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பர். 2022 நவம்பரில் 13 பக்கமுள்ள ஒரு வடிவம் அவர் கையில் அமைந்தது. அட்டையில் வெட்டி வெட்டி அடுக்கிப் பார்த்தார். இடைவெளி இல்லாமல் தளம் முழுக்கப் பரவும், ஆனால் ஒருபோதும் ஒரே ஒழுங்கில் திரும்பி வராது. இன்னும் மூவரோடு சேர்ந்து 2023 மார்ச்சில் வெளியிட்டார். சில ஓடுகளை மட்டும் கவிழ்த்து வைக்க வேண்டியிருந்தது. கவிழ்க்கத் தேவையில்லாததும் அந்த வருடமே வந்துவிட்டது.

எனக்கு அவ்வளவு தேவையில்லை. மூன்று அடுக்கு போதும். மண் 70 பிக்சல் அகலத்தில், தூசி 110-இல், நிழல் 130-இல், ஒன்றின் மேல் ஒன்று. மூன்றும் சேர்ந்து முதலிலிருந்து தொடங்க 10,010 பிக்சல் போக வேண்டும்.

70-ஐ 73 ஆக்கினால் 1,04,390.