பிஸ்கட் டப்பாக்களும் மேற்கோள் மென்பொருள்களும்

கோபாலபுரத்தில் நண்பர் ஒருவரின் மாடியறையில் ஞாயிறுதோறும் கூடுகிறவர்கள் நாங்கள் ஐவர். இலக்கியம் பேசக் கூடத் தொடங்கியவர்கள், ஒரு கட்டத்தில் சிற்றிதழ்களுக்கும் பழைய பதிப்புகளுக்கும் ஓர் அடைவு தயாரிப்பதென்று வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டோம். அதற்கு மூலதனம், எங்களில் மூத்தவர் முப்பதாண்டுகளாக எழுதிச் சேர்த்த அட்டைகள். மூன்று பிஸ்கட் டப்பாக்களில் ஏறத்தாழ நாலாயிரம் அட்டைகள் இருக்கும். தலைப்பு, ஆசிரியர், இதழ், பக்கம், மூலையில் நுணுக்கி எழுதிய குறிப்பு ஒன்று.

சென்ற ஆண்டு அவருக்குக் கண்ணழுத்த நோய் முற்றியது. தம் கையெழுத்தைத் தாமே படிக்க முடியாத நிலை வந்துவிட்டது. நாங்கள் வாசிக்க, அவர் கேட்டு விளக்கம் சொல்ல, யாராவது ஒருவர் கணினியில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. எந்த மென்பொருளில் ஏற்றுவது என்பதில்தான் இரண்டு மாதம் போனது. ஒரே நூறு அட்டைகளை எண்ட்நோட், மெண்டலே, ஸோட்டெரோ, பிப்டெக் நான்கிலும் ஏற்றிப் பார்த்தோம். பிப்டெக் கோப்பை நேரடியாக எழுத எங்களில் நால்வருக்குப் பொறுமை இல்லாததால் அதற்கு ஜாப்ரெஃப் என்ற இலவச முகப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டோம்.

முதல் மோதல் பெயரில். இந்த மென்பொருள்கள் எல்லாம் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு ஆசிரியருக்காகக் காத்திருக்கின்றன. கு. அழகிரிசாமிக்குச் சிக்கலில்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'அழகிரிசாமி', அடுத்ததில் 'கு.' என்று இட்டால், அடிக்குறிப்பில் 'கு. அழகிரிசாமி' என்றும் நூலடைவில் 'அழகிரிசாமி, கு.' என்றும் சரியாகவே வருகிறது. தலைப்பெழுத்தை முன்னால் வைக்கும் நம் வழக்கம், தற்செயலாக மேல்நாட்டுச் சட்டத்துக்குள் பொருந்திவிடுகிறது. புதுமைப்பித்தன், ஜெயகாந்தன் போன்ற ஒற்றைப் பெயர்களுக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் போதும்.

வில்லங்கம் சாதிப் பட்டம் ஒட்டிய பெயர்களில். பழைய பதிப்பாசிரியர்களின் விவரங்களை வெளிநாட்டு நூலகப் பட்டியல்களிலிருந்து ஒரே சொடுக்கில் இறக்கியபோது, சி.வை. தாமோதரம் பிள்ளை 'பிள்ளை' என்பதன் கீழும், உ.வே. சாமிநாத ஐயர் 'ஐயர்' என்பதன் கீழும் வந்து அமர்ந்தார்கள். முதலியார்கள் ஒரு வரிசை, செட்டியார்கள் ஒரு வரிசை. எங்கள் நூலடைவின் முதல் அச்சுப்படி சாதிச் சங்க உறுப்பினர் பட்டியல் போலிருந்தது. கேட்ட மூத்தவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "ரங்கநாதன் இதுக்கெல்லாம் அப்பவே விதி எழுதி வெச்சாரு தம்பி" என்றார்.

அவர் சொன்னது எஸ்.ஆர். ரங்கநாதனை. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகப் பொறுப்பை ஏற்ற அந்தக் கணித ஆசிரியர், 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும், 1934இல் பட்டியலாக்க விதித்தொகுப்பையும் வெளியிட்டார். அவர் பெயரே இதற்குப் பாடம்: சீர்காழி ஊர், இராமாமிருதம் தந்தை, ரங்கநாதன் மட்டுமே அவருடையது. உலகத்து நூலடைவுகள் எல்லாம் அவருடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயரென நம்பிச் சரியான இடத்தில் வைத்திருக்கின்றன.

பெயரை உடைக்காமல் முழுதாக வைப்பதற்கு நான்கிலும் வழி உண்டு. எண்ட்நோட்டில் பெயரின் முடிவில் ஒரு காற்புள்ளி இட வேண்டும். பிப்டெக்கில் இரட்டை நெளிவு அடைப்புக்குறி. ஸோட்டெரோவில் பெயரின் பக்கத்திலுள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரு கட்டங்களும் ஒன்றாகிவிடும். எங்களுக்கு மிக எளிதாக இருந்தது இதுதான். எண்ட்நோட்டின் காற்புள்ளியை ஐந்து பேரும் ஆளுக்கொரு முறை மறந்தோம்.

அகரவரிசை அடுத்தது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் எண்வரிசை நம் நெடுங்கணக்கின்படி அமைந்ததன்று. நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், ளகரத்துக்குப் பின்னால் ழகரம். எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் பழைய பிப்டெக், அன்பழகனை அழகிரிசாமிக்கு முன்னால் நிறுத்தியது. ஒருங்குறியின் வரிசைப்படுத்தும் விதிகளைப் பின்பற்றும் நிரல்களில் இந்தக் குழப்பம் இல்லை. பிப்டெக்கிலும் 'பைபர்' என்ற புதிய துணைநிரலைப் பயன்படுத்தினால் சரியாகிறது. அதை நிறுவத் தெரிந்தவர் எங்களில் ஒருவர்தான். அவரும் வெளியூர் போய்விட்டால் என்ன செய்வது?

பி.டி.எஃப். கோப்பை இழுத்துப் போட்டால் விவரங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும் வசதியைப் பற்றி விளம்பரங்கள் பெரிதாகப் பேசும். ஆங்கில ஆய்வேடுகளுக்கு அது உண்மை. 'எழுத்து' இதழின் வருடலுக்கு டி.ஓ.ஐ. எண் எங்கே இருக்கிறது? ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான கட்டுரைகளிலிருந்து தலைப்பை நகலெடுத்து ஒட்டினால் வருவது ரோமன் எழுத்துக் குப்பை. ஆக, தமிழ் ஆய்வாளருக்கு நான்கு மென்பொருளிலும் தட்டச்சுதான் கதி.

ஆண்டில் மாட்டிக்கொண்டது தனிக்கதை. ஓர் அட்டையில் 'சர்வசித்து, ஆடி' என்று மட்டும் இருந்தது. அறுபதாண்டுச் சுழற்சியில் சர்வசித்து 1887இலும் வரும், 1947இலும் வரும். எந்த மென்பொருளுக்கும் இது ஆண்டு என்று தெரியாது. "அச்சுக்கூடம் பேரைப் படி" என்றார் மூத்தவர். படித்தோம். "பழசுதான். எம்பத்தேழுன்னு போடு. ஆனா அட்டையில இருக்கறதை அழிக்காதே, பக்கத்துல எழுது." தேதிக் கட்டத்தில் 1887, உபரிக் குறிப்புக்கான கட்டத்தில் 'சர்வசித்து, ஆடி' என்று இரண்டையும் பதிந்தோம். 'ரசமட்டம்' என்ற பெயரில் எழுதியவரும் வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளையும் புதுமைப்பித்தனே என்பது போன்ற செய்திகளுக்கும் தனிக்கட்டம் எதிலும் இல்லை. ஸோட்டெரோவில் ஒரு பதிவின்கீழ் எத்தனை குறிப்பு வேண்டுமானாலும் தொங்கவிடலாம், ஒரு பதிவை இன்னொன்றோடு இணைக்கலாம் என்பதால் சமாளித்தோம்.

எங்களில் ஒருவருக்கு முன்பே ஓர் அடி விழுந்திருந்தது. அவர் பணியாற்றிய நிறுவனம் வாங்கித் தந்த கட்டண மென்பொருளில் ஆறாண்டுக் குறிப்புகளைச் சேர்த்திருந்தார். உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, கணினியும் மாறியது. கோப்பு இருந்தது, திறக்க வழியில்லை. மென்பொருளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம். ஆனால் அவர் ஒவ்வொரு மென்பொருளிடமும் கேட்ட முதல் கேள்வி, "வெளியே வர வாசல் எங்கே?" என்பதுதான். பொதுவில் பதிவான வரலாறும் அவர் பக்கமே நின்றது. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தார் 2006இல் ஸோட்டெரோவை வெளியிட்டார்கள். எண்ட்நோட்டின் வடிவக் கோப்புகளை அது படித்துக்கொள்கிறது என்று அதன் அப்போதைய உரிமையாளரான தாம்சன் ராய்ட்டர்ஸ் 2008இல் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு 2009இல் தள்ளுபடியானது. 2013இல் எல்சேவியர் வாங்கிய மெண்டலே, 2018இல் பயனரின் கணினியிலுள்ள தரவுத்தளத்தையே மறையாக்கம் செய்தது. 2022 செப்டம்பரோடு பழைய மேசைக்கணினிப் பதிப்பைத் தரவிறக்கவும் முடியாமல் போயிற்று. மெண்டலே இலவசமாகத் தரும் இடம் 2 ஜி.பி.; ஸோட்டெரோ தருவது 300 எம்.பி. மட்டுமே. வருடல்களை நிறையச் சேமிப்பவருக்கு இது பெரிய வேறுபாடு. எங்களுக்கு முக்கியமானவை அட்டைகள். எழுத்து எவ்வளவு இடத்தை அடைக்கும்?

ஸோட்டெரோவையே எடுத்துக்கொண்டோம். ஐவரும் ஒரே தொகுப்பில் எழுதுகிறோம். குறை இல்லாமலில்லை, நாங்கள் எடுத்த மேற்கோள் நடையில் தமிழ் நூலுக்குப் பின்னாலும் 'பதி.' என்பதற்குப் பதில் 'எட்.' என்று ஆங்கிலக் குறுக்கம் வந்து விழுந்தது. நடைக் கோப்பைத் திறந்து நாங்களே திருத்த முடிந்தது.

இரண்டு டப்பாக்கள் முடிந்துவிட்டன. மூன்றாவதில் கையெழுத்து மோசம். பேருந்தில் போகும்போது எழுதியவை என்கிறார். போன ஞாயிறு ஓர் அட்டையில் 'கா.ச. பார்க்க' என்றிருந்தது. நான்கு பெயர்களைச் சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து மறுத்தார். "விடு, ராத்திரி ஞாபகம் வந்தா போன் பண்றேன்" என்றார். அட்டையில் உள்ளதை அப்படியே பதிந்து, பக்கத்தில் கேள்விக்குறி இட்டோம். மாத முதல் ஞாயிறு முழுத் தொகுப்பையும் ஆர்.ஐ.எஸ். வடிவில் ஒரு பென் டிரைவில் எடுத்து, காலியான முதல் டப்பாவில் போட்டு வைக்கிறோம். போன் இன்னும் வரவில்லை.