எட்டு மணிக்கு எடுங்கோ

இங்கிலாந்தில் ஜீபி எனப்படும் குடும்ப டொக்டரை அன்றைக்கே பார்க்க வேண்டுமென்றால், காலை எட்டு மணிக்குத் தொலைபேசியும் கையுமாக இருக்க வேண்டும். எட்டுக்கு லைன் திறக்கும். எட்டரைக்குப் பல இடங்களில் எல்லா நேரமும் போய்விடும். அந்த அரை மணித்தியாலம் எங்கள் பெண்கள் எங்கே நிற்கிறார்கள்? ஒருத்தி அலுவலகம் ஒன்றைத் துப்புரவாக்கிவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள். இன்னொருத்தி பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுவிடுவாள். நான் வேலை செய்த முதியோர் இல்லத்தில் எட்டு மணி என்பது மருந்துத் தட்டோடு அறை அறையாக நடக்கும் நேரம். தொலைபேசி லொக்கருக்குள் கிடக்கும். பத்து மணி இடைவேளையில் அழைத்தால், நாளைக்கு எட்டு மணிக்கு எடுங்கோ என்பார்கள்.

இப்படியே ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதமும் எனக்கு மாதவிடாய் நிற்காமல் பெருகிக்கொண்டிருந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். பெண்கள் தங்கள் உடம்பைக் கவனிப்பதில்லை என்று சொல்லும் டொக்டர்களை எங்கள் சமூக விழா மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கதவு எத்தனை மணிக்குப் பூட்டுகிறது என்பதை ஒருவரும் மேடையில் சொன்னதில்லை.

இங்கே ஜீபி நிலையங்களின் அடிப்படை நேரம் வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை. 2022 ஒக்டோபரிலிருந்து, அயலிலுள்ள நிலையங்கள் கூட்டாகச் சேர்ந்து இரவு 8 வரையும், சனிக்கிழமை 9 முதல் 5 வரையும் நோயாளரைப் பார்க்க வேண்டும். இதை எனக்குச் சொன்னது என் நிலையம் அல்ல, கூட வேலை செய்த நைஜீரியப் பெண். கேட்டால்தான் தருவார்கள், கேள் என்றாள். கேட்டேன். இரண்டு பஸ் தள்ளியுள்ள வேறொரு நிலையத்தில் சனிக்கிழமை நேரம் கிடைத்தது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் லீற்றருக்கு 78 கிராம் என்று வந்தது. பெண்களுக்கு 120க்குக் கீழே போனாலே இரத்தசோகை. பிறகு ஸ்கானில் கருப்பைக் கட்டிகளும் தெரிந்தன.

அதனால் நேரத்தை நீட்டுங்கள் என்று கேட்பவள்தான் நான். ஆனால் எங்கள் தெருவிலுள்ள ஓர் அக்காவின் கதையையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பள்ளியில், கணவர் பெற்றோல் ஷெட்டில் நிற்கும் காலை பதினொரு மணிதான் அவவுக்கு உரிய நேரம். ஒருமுறை மாலை ஏழு மணிதான் கிடைத்தது. கணவர் காரில் கூட்டிப்போய் உள்ளேயும் வந்து, அவவுக்காகக் கதைத்தார். லூப் போடுவது பற்றிக் கேட்கப் போனவ, முதுகு நோகுதாம் என்று அவர் சொல்ல, நோமாத்திரையோடு திரும்பி வந்தா. இலவசமாக மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தர வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. கணவர் கூட நிற்கும்போது அது யாருக்கு ஞாபகம் வருகிறது? மாலை நேரத்தைத் திறப்பவர்கள், பெண்ணைக் கொஞ்சநேரம் தனியாக வைத்துக் கேட்கும் வழக்கத்தையும் சேர்த்துத் திறக்க வேண்டும்.

2025 ஒக்டோபரிலிருந்து இணையப் படிவமும் அந்த 8 முதல் 6.30 வரை திறந்திருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் எங்கள் வீடுகளில் ஆங்கிலப் படிவத்தை நிரப்புவது பிள்ளைகள். எத்தனை நாளாக இரத்தம் போகிறது என்பதைப் பன்னிரண்டு வயது மகனிடம் சொல்லி எழுதுவிக்க எந்தத் தாயால் முடியும்?

இரவு எட்டு மணிக்கு அந்த வரவேற்பு மேசையில் இருப்பவளும் அநேகமாக ஒரு பெண்தான். அவளுடைய பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்பதும் என் கேள்விக்குள் வரும். கூடுதல் ஆளும் கூடுதல் சம்பளமும் இல்லாமல் நீட்டும் நேரம் அவளுடைய நேரத்திலிருந்து வெட்டி எடுத்ததாகத்தான் இருக்கும்.

போன வருடம் என் நிலையத்தின் நோயாளர் குழுவில் சேர்ந்தேன். நேர நீட்டிப்புப் பற்றிய கூட்டம் புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வைத்தார்கள். லீவு எடுத்துக்கொண்டு போனேன். வந்திருந்த ஒன்பது பேரில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். அடுத்ததைச் சனிக்கிழமை வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.