இஷாவுக்குப் பிறகு மூன்று வரி

சில உம்மாமார் கேட்டதால் எழுதுகிறேன். மகள் ஓ.எல்.லுக்குப் பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது, ஊரில் டியூஷனும் இல்லை. ஒரு கொப்பி கொடுத்தேன்: இஷாவுக்குப் பிறகு மூன்றே வரி, அன்று நடந்தது. எழுதியதை எனக்குத் தமிழில் விளங்கப்படுத்த வேண்டும்.

'போனேன்' என்று பெண்பிள்ளை எழுதினால் கடைசியில் ஓர் எழுத்துக் கூடுமாம். 'சாப்பிட்டேன்' என்றால் வேண்டாமாம். பசித்தால் 'பசி இருக்கு' என்ற மாதிரித்தான் அவர்களும் சொல்வார்களாம். இங்கிலிஷை விட நமக்குக் கிட்ட!

பிழையை மிஸ் பார்க்கட்டும். எனக்குத் தெரியாததும் நல்லதுக்குத்தான். வீட்டிலும் திருத்தத் தொடங்கினால் பிள்ளை பிழை வராத வரியை மட்டுமே எழுதும்.

போன கிழமை ஒரு வரியை விளங்கப்படுத்த மாட்டேன் என்றாள். விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள், வகுப்பில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லையாம்.